பெயர்ப்பலகையில் இல்லாதவள்

வண்ணார்பேட்டையிலிருந்து முருகன்குறிச்சி வழியாக ஹைகிரவுண்டு வரை ஒருதரம் நடந்து பாருங்கள், தோழர்களே. வழிநெடுக ஆஸ்பத்திரிகள், ஸ்கேன் சென்டர்கள், மருந்துக் கடைகள். அம்பையிலிருந்தும் ஏரலிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் பஸ் ஏறி வந்த சனங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேலே பலகை. டாக்டரின் பெயர், பெயருக்குப் பின்னால் வரிசையாகப் பட்டங்கள், கீழே வந்துபோகும் சிறப்பு மருத்துவர்களின் பெயர்கள், அவர்கள் வரும் நேரம். நம் பேச்சில் இவை இன்னமும் நர்சிங் ஹோம்தான். நர்ஸின் பெயரால் அழைக்கப்படும் கட்டடத்தில் நர்ஸின் பெயரை மட்டும் காணமுடியாது.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். பெயர் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது நமக்குச் சின்ன விஷயமாக என்றைக்கும் இருந்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டிரிப் பாட்டிலை மாற்றுகிறவள், ரத்தக் கொதிப்பு இறங்குவதை முதலில் பார்க்கிறவள், குழந்தையின் தலை வெளியே வரும்போது கையை நீட்டுகிறவள், எல்லாருக்கும் "சிஸ்டர்". அவள் சொல்லுக்கு நோயாளியின் சிகிச்சையில் என்ன இடம் என்று யாரும் கேட்பதில்லை. இந்தத் தலையங்கம் அதைப் பற்றியது.

டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடக்கும் சண்டை நம் ஊரில் செய்தியாவதே கிடையாது. நோயாளி செத்த பிறகுதான் செய்தி. ஆனால் சண்டை தினமும் நடக்கிறது, பெரும்பாலும் சத்தமில்லாமல். வலி சரியாகத்தான் முன்னேறுகிறது, இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கலாம் என்று நர்ஸுக்குத் தெரியும். தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லி உத்தரவு வரும். நாடித்துடிப்பு ஏறுகிறது, டாக்டர் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்று அவள் போன் போடுவாள். "இதுக்கெல்லாம் கூப்பிடுவியா" என்று பதில் வரும். பில் கட்டாதவர்களிடம் போய்ப் பணம் கேட்கச் சொல்வது அவளைத்தான். காரியம் கெட்டுப்போன பிறகு கேஸ் ஷீட்டில் நேரத்தை மாற்றி எழுதச் சொல்வதும் அவளைத்தான். இதிலெல்லாம் அவள் "சரி டாக்டர்" என்கிறாள். அந்தச் "சரி"க்குள் இருப்பது சம்மதமா, பயமா?

1966இல் அமெரிக்காவில் ஹோஃப்ளிங் என்ற மனநல மருத்துவர் ஒரு பரிசோதனை செய்தார். ராத்திரி டூட்டியில் தனியாக இருந்த 22 நர்ஸுகளுக்கு ஒரு போன். பேசியவர் முன்பின் தெரியாத ஒரு "டாக்டர்". இன்ன மருந்தை 20 மில்லிகிராம் கொடு, நான் பிறகு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மருந்து டப்பாவின் மேலேயே அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. போனில் உத்தரவு வாங்கக்கூடாது என்று ஆஸ்பத்திரி விதியும் இருந்தது. 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்துவிட்டார்கள், தடுத்து நிறுத்தப்படும் வரை. மருந்து வெறும் சர்க்கரை. அதனால் யாரும் சாகவில்லை. அடுத்த வருஷம், 1967இல், லியோனார்ட் ஸ்டெய்ன் என்பவர் இதன் மறுபக்கத்தை எழுதினார். நர்ஸுக்கு வைத்தியம் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவள் யோசனை சொல்லவேண்டும், அது டாக்டரின் யோசனை மாதிரித் தோன்றவேண்டும். அவர் கேட்கவேண்டும், கேட்டதாகத் தெரியக்கூடாது. இதை ஒரு விளையாட்டு என்றார் ஸ்டெய்ன். பண்ணையார் முன்னால் நின்று, மழை எப்போது வரும் என்று தனக்குத் தெரிந்ததைக்கூட "அய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சுற்றிச் சுற்றிச் சொன்ன நம் தாத்தன்மாருக்கு இந்த விளையாட்டைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இதை எழுதுகிறவன் வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவன். வங்கியில் ஒரு பெரிய தொகை நகரவேண்டுமென்றால் ஒருவர் பதியவேண்டும், இன்னொருவர் சரிபார்த்துப் பாஸ் பண்ணவேண்டும். இரண்டும் ஒரே ஆள் செய்யமுடியாது. மேனேஜர் வீட்டிலிருந்து போன் போட்டு "கொடுத்திரு, நாளைக்குக் கையெழுத்துப் போடுதேன்" என்றால், கொடுத்தவன் வேலை போகும் என்பது கடைசிக் குமாஸ்தாவுக்கும் தெரியும். அதனால் அவன் முடியாது என்பான். அப்படிச் சொல்வதற்கு விதி இருக்கிறது, பின்னால் ஒரு சங்கமும் இருக்கிறது. பணத்துக்கு இவ்வளவு காவல். நரம்பில் ஏறும் மருந்துக்கு எத்தனை இடத்தில் ஒரு போன் உத்தரவு மட்டும் போதுமானதாக இருக்கிறது!

போதாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. 1993 டிசம்பரில் டெல்லியில் ஸ்பிரிங் மெடோஸ் என்ற தனியார் ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்று ஒரு சிறுவனைச் சேர்த்தார்கள். ஒருநாள் நர்ஸ் ஒரு ஊசிமருந்தை வாங்கிவரச் சொன்னார். அப்பா வாங்கி வந்தார். மலேரியாவுக்கான அந்த மருந்து பையனின் நரம்பில் ஏறிய கையோடு அவன் சரிந்தான். இதயம் நின்றது. உயிர் திரும்பியது, மூளை திரும்பவில்லை. விசாரணையில் தெரிந்தது என்ன? மூத்த டாக்டர் ஊசியை டாக்டர்தான் போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். டூட்டி டாக்டர் அதை நர்ஸிடம் தள்ளிவிட்டார். அந்த நர்ஸோ எந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிவு செய்யப்படாதவர். பையனுக்குப் பன்னிரண்டரை லட்சமும் பெற்றோருக்கு ஐந்து லட்சமும் இழப்பீடு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை 1998 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டாக்டர் மேலும் தப்பு, நர்ஸ் மேலும் தப்பு, இருவரையும் வேலைக்கு வைத்த ஆஸ்பத்திரிதான் பொறுப்பு என்றது.

இந்த வழக்கை நாம் இரண்டு விதமாகப் படிக்கவேண்டும். படிக்காத பெண்ணின் கையில் ஊசியைக் கொடுத்தது ஆஸ்பத்திரி. ஏனென்றால் படித்தவளுக்குக் கொடுக்கும் சம்பளம் மிச்சம். இது ஒன்று. இன்னொன்று, அந்த அறையில் "எனக்குத் தெரியாது, நான் போடமாட்டேன்" என்று சொல்ல வாயுள்ள ஆள் ஒருவரும் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸை வைக்க முதலாளிகள் தயங்குவது சம்பளத்துக்காக மட்டும்தானா? பயிற்சி பெற்றவள் கேள்வி கேட்பாள் என்பதும் ஒரு காரணம். பிளஸ் டூ முடித்த கையோடு கிராமத்திலிருந்து வந்து, ஆறு மாதத்தில் ஊசி போடப் பழகி, வெள்ளை உடுப்பு மாட்டிய பிள்ளை கேட்காது. அவள் நம் தெருப் பிள்ளையாகவும் இருப்பாள். அவளை நாம் குற்றம் சொல்லப் போவதில்லை. அவளை அந்த இடத்தில் நிறுத்தியவனைக் கேட்கிறோம்.

இது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. உடம்பைத் தொடுகிற வேலையைக் கீழே தள்ளி, உடம்பைப் பற்றிப் பேசுகிற வேலையை மேலே வைத்த சமூகம் இது. பிள்ளைப்பேறு பார்த்தது நாவிதர் குடும்பத்து மருத்துவச்சி. அறுத்துக் கட்டியது அவள் வீட்டு ஆண். அந்தக் கைத்தொழிலுக்குக் கூலி முறத்தில் நெல், பட்டம் "தீட்டு". பிரசவ ரத்தத்தைத் தொட்டவளை வாசலுக்கு வெளியே நிறுத்தியே அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்பத்திரி வந்தபோதும் மேல்சாதி வீடுகளிலிருந்து ஆண்பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கப் போனார்கள். நர்ஸ் வேலைக்கு அந்த வீடுகளிலிருந்து பெண்பிள்ளைகள் வரவில்லை. மலமும் சலமும் எடுக்கிற வேலை, அந்நிய ஆணைத் தொடுகிற வேலை என்றார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்கள், இந்தியக் கிறிஸ்தவர்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்ஸ் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்குப் பிறகு 1918இல்தான். அவருக்கு யார் கை முதலில் தேவை என்று தெரிந்திருந்தது. நாட்டுக்குத் தெரியவில்லை. 1946இல் வெளியான போர் கமிட்டி அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 47,500 டாக்டர்களும் சுமார் 7,000 நர்ஸுகளும் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. ஒரு டாக்டருக்குப் பல நர்ஸுகள் தேவைப்படும் வைத்தியத்தில், ஆறேழு டாக்டருக்கு ஒரு நர்ஸ்! இந்தத் தலைகீழ்க் கணக்கை வறுமையைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. வறுமைதான் காரணம் என்றால் டாக்டரும் குறைந்திருக்க வேண்டும். தொடுவதற்கு ஆள் வராததற்குக் காரணம் சாதி.

அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று பெயரிட்டதை ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குள் அப்படியே பார்க்கலாம். மேலே முதலாளி டாக்டர். அவருக்குக் கீழே மாதச் சம்பளத்துக்கு ராத்திரி உட்காரும் டூட்டி டாக்டர். கீழே பதிவு பெற்ற நர்ஸ். அவளுக்குக் கீழே பதிவில்லாத பிள்ளைகள். அதற்கும் கீழே ஆயா. எல்லாருக்கும் கீழே, பஞ்சையும் ரத்தத்துணியையும் வாரிப்போகும் துப்புரவுத் தொழிலாளி. அவர் யார் வீட்டு ஆள் என்று நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டாக்டரிடம் திட்டு வாங்கிய நர்ஸ் திரும்பி ஆயாவிடம் "ஏட்டி, பெட்பான் எங்க" என்று கத்துகிறாள். தன்னைவிட இருபது வயது மூத்தவளை. நர்ஸின் உரிமையைப் பேசுகிற நாம் இதையும் பேசவேண்டும். தனக்கு மேலே உள்ள அதிகாரத்தை மட்டும் எதிர்த்து, தனக்குக் கீழே உள்ளதை வைத்துக்கொள்ளலாம் என்கிற விடுதலை நமக்கு வேண்டாம். நோயாளி முனகுவதை நர்ஸுக்கு முன்னால் கேட்பது பல நேரம் அந்த ஆயாதான். அவள் சொல்வதை நர்ஸ் கேட்டால்தானே நர்ஸ் சொல்வதை டாக்டர் கேட்கவேண்டும் என்று வாதாட முடியும்?

சரி, நர்ஸ் ஏன் வாயைத் திறப்பதில்லை? கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்தால் இதற்குப் பதில் தெரியும். நர்ஸிங் படிப்புக்கு வாங்கிய கல்விக் கடன் பாஸ்புத்தகத்தில் நிற்கிறது. அப்பா கையெழுத்து, அம்மா தாலிக்கொடி அடகு. ஆஸ்பத்திரியில் கையில் வாங்குகிற சம்பளம் தவணைக்கும் ஹாஸ்டலுக்கும் போதாது. அசல் சான்றிதழ்களை வேலைக்குச் சேரும்போதே ஆஸ்பத்திரி வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். பாதியில் போனால் இவ்வளவு கட்டவேண்டும் என்று பத்திரம் வேறு. பண்ணையடிமைக்கு முன்பணம் என்ன செய்ததோ, இவளுக்கு இந்தச் சான்றிதழ் அதைச் செய்கிறது. இந்த நிலையில் இருப்பவளிடம் போய், நோயாளியின் நலனுக்காக டாக்டரை எதிர்த்துப் பேசு தாயி என்று உபதேசம் செய்வது அயோக்கியத்தனம்.

ஆக, நோயாளியின் பாதுகாப்பும் நர்ஸின் கூலியும் இரண்டு தனிப் பிரச்சினைகள் கிடையாது. 2002இல் லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது: அறுவைச் சிகிச்சை நோயாளிகளை எடுத்துக்கொண்டால், ஒரு நர்ஸ் கவனிக்கவேண்டியவர்களில் ஒருவர் கூடினால், முப்பது நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நம் ஊரில் ஒரு மாடி முழுவதற்கும் ஒரு பிள்ளையை ராத்திரி நிறுத்துகிறவர்கள் இந்த 7ஐ எத்தனை தரம் பெருக்குவது என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

2016 ஜனவரியில் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் சம்பளம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழு அமைந்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரியில் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100க்கு மேல் என்றால் அதில் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை மாநிலங்களுக்குப் போனது. கேரளத்தில் நர்ஸுகள் 2011இலிருந்தே சங்கம் கட்டி, வேலைநிறுத்தம் செய்து, பத்திரமுறையையும் சான்றிதழ் பறிப்பையும் தெருவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 2017இல் மறுபடியும் இறங்கினார்கள். 2018 ஏப்ரலில் அங்கே 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் அரசாணையாக வந்தது. தாளில் எழுதியது தானாக நடந்து வரவில்லை, நடந்தவர்கள் கூட்டிவந்தார்கள்.

தமிழ்நாட்டில் அரசே எப்படி நடந்துகொண்டது? 2015இல் தேர்வு எழுதிச் சேர்ந்த நர்ஸுகளுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தபோது வாசலை மூடினார்கள், வேலைக்குத் திரும்பு என்றது நீதிமன்றம். 2020இல் கொரோனா வார்டுக்குத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களைக் கைதட்டி, விளக்கேற்றிப் பாராட்டினார்கள். 2022 டிசம்பர் 31ஓடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் தெருவில் உட்கார்ந்த பிறகுதான் மாற்று வேலை பற்றிய பேச்சே வந்தது. ஆட்சி மாறியது, தொகுப்பூதியத்தின் தர்மம் மாறவில்லை. அரசே இப்படி என்றால் தனியார் முதலாளி யாரைப் பார்த்துப் பயப்படுவான்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் போட்டது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018இல். இருபத்தொரு வருஷம் ஒரு சட்டம் விதியில்லாமல் கிடந்தது. நர்ஸுகள் பதிவு பற்றிய சென்னை மாகாணச் சட்டம் 1926ஆம் வருஷத்தது. தேசிய அளவில் 1947ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய நர்ஸிங் ஆணையச் சட்டம் வந்தது. பதிவேடு, பாடத்திட்டம், கல்லூரி அங்கீகாரம் எல்லாம் இவற்றில் உண்டு. இந்த உத்தரவு நோயாளிக்கு ஆபத்து என்று ஒரு நர்ஸ் மறுத்தால் அவள் வேலையை யார் காப்பாற்றுவது? அந்தக் கேள்விக்கு வரும்போது மட்டும் நர்ஸ் தனியாள்.

இப்போது நம் பக்கம் வருவோம். ஒரு பிரசவத்தில் தாய் இறந்துபோகிறாள், அல்லது காய்ச்சல் என்று சேர்த்த பையன் பிணமாக வருகிறான். சொந்தக்காரர்கள் திரள்கிறார்கள். கட்சிக்காரர்கள், சாதிச் சங்கத்தார், இயக்கத்தார் எல்லாரும் வருகிறார்கள். கண்ணாடி உடைகிறது. உடையும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது ரிசப்ஷன் பிள்ளையும் டூட்டி நர்ஸும். டாக்டர் பின்வாசல் வழியாகப் போயாகிவிட்டது. சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் பேச்சுவார்த்தை. ஒரு தொகை முடிவாகும். பேசி முடித்தவர்களுக்கும் ஒரு பங்கு போகும் என்று ஊரில் சொல்வார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி "தவறு செய்த ஊழியரை" நீக்கிவிட்டதாகச் சொல்லும். அந்த ஊழியர் யார் என்று கேட்கவே வேண்டாம். என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்த ஒரே சாட்சியை முதலாளியும் கூட்டமும் சேர்ந்து வெளியேற்றிவிட்டார்கள்.

2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் டாக்டரை, அவரிடம் சிகிச்சை பெற்ற கர்ப்பிணி மனைவி இறந்த ஆத்திரத்தில் ஒருவன் கிளினிக்குக்குள் புகுந்து வெட்டிக் கொன்றான். அதற்கு முன்பே, 2008இல், மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருந்தது. சட்டம் கொலையைத் தடுக்கவில்லை. கொலையால் செத்தவளுக்கு நியாயமும் கிடைக்கவில்லை. கத்தியும் கல்லும் நம் ஆயுதமாக இருக்கக்கூடாது என்பது ஒழுக்கம் பற்றிய பேச்சு மட்டுமில்லை. கல் விழுந்த இடத்தில் உண்மை பேசப்படாது. பயந்துபோன டாக்டர் அடுத்த நாளிலிருந்து ஏழை நோயாளியை வாசலிலேயே "ஹைகிரவுண்டுக்குக் கொண்டுபோங்க" என்று திருப்பி அனுப்புவார். நஷ்டம் நமக்கு.

டாக்டர்களின் பக்கத்தையும் கேட்போம். கடன் வாங்கிக் கட்டிய சின்ன ஆஸ்பத்திரி, பக்கத்தில் கார்ப்பரேட் கட்டடம், தப்பு நடந்தால் தன் பட்டத்துக்குத்தான் ஆபத்து, இறுதிப் பொறுப்பு தன்னுடையது என்பார்கள். நர்ஸ் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்குமா என்றும் கேட்பார்கள். இருக்காது. நர்ஸும் தப்பாகக் கணிக்கலாம். ஆனால் இரண்டாவது கண் எதற்கு? முதல் கண் தப்பும்போது பார்ப்பதற்குத்தானே. பொறுப்பு பற்றிய வாதம் நேர்மையானது என்றால் உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போடுவதில் என்ன சிரமம்? 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், அலட்சியப் புகார் வந்ததுமே டாக்டரைக் கைது செய்துவிடக்கூடாது, வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கின் புகாரைப் படித்தால், லூதியானாவில் மூச்சுத் திணறிய முதியவருக்காக நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டும் இருபது நிமிஷத்துக்கு மேல் யாரும் வரவில்லை, வந்த பிறகு மாட்டிய ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்று இருக்கிறது. தீர்ப்பு டாக்டருக்கு ஒரு காப்பைத் தந்தது. கூப்பிட்ட நர்ஸுக்கு, "நான் இத்தனை மணிக்குக் கூப்பிட்டேன்" என்று எழுதிவைக்கும் காப்பாவது வேண்டாமா?

எழுதிவைப்பது என்றால் என்ன என்று இந்த ஆற்றங்கரை ஊருக்குத் தெரியும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் அடித்துத் துரத்தித் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். தடியடியைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனாலும் விசாரணை ஆணையத்தின் தாளில் பெரும்பாலோர் நீரில் மூழ்கிச் செத்தவர்களாக ஆனார்கள். சாவுக்குக் காரணம் எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ அவன் சொன்னதுதான் வரலாறு. கேஸ் ஷீட்டும் அப்படிப்பட்ட ஒரு தாள்தான். அதில் நர்ஸ் எழுதும் பக்கத்தைக் காப்பாற்றுவது நம் வேலை.

பேசிய நர்ஸுகள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பண்டபெர்க் ஆஸ்பத்திரியில் 2003இல் ஜெயந்த் பட்டேல் என்ற சர்ஜன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அமெரிக்காவில் ஏற்கெனவே தடைக்கு ஆளானவர் என்பதை மறைத்துச் சேர்ந்திருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு நர்ஸ் டோனி ஹாஃப்மன் நோயாளிகள் கெட்டுப்போவதைப் பார்த்து நிர்வாகத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னார். இது இரண்டு பேருக்குள் ஒத்துப்போகாத விவகாரம் என்று ஒதுக்கினார்கள். அவர் கடைசியில் சட்டமன்ற உறுப்பினரிடம் போனார். 2005 மார்ச்சில் விஷயம் சபையில் வெடித்தது, விசாரணை ஆணையம் வந்தது. நோயாளிகளுக்கு மரணம் விளைவித்த குற்றத்துக்காகப் பட்டேலுக்கு 2010இல் கிடைத்த தண்டனை 2012இல் ரத்தானது. 2013இல் மோசடியை அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் கெர்மிட் என்ற சிற்றூரில் ஆன் மிட்செல், விக்கி கேல் என்ற இரண்டு நர்ஸுகள் ஒரு டாக்டரின் சிகிச்சை பற்றி மருத்துவ வாரியத்துக்குக் கடிதம் எழுதினார்கள். டாக்டரின் சிநேகிதரான ஷெரிஃப் யார் எழுதியது என்று துப்புத் துலக்கி 2009இல் அவர்கள் மேலேயே கிரிமினல் வழக்குப் போட்டார். கேல் மீதான வழக்கு கைவிடப்பட்டது. 2010இல் மிட்செலை ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் விடுவித்தது. பிறகு குற்றவாளிக் கூண்டில் நின்றது அந்த டாக்டரும் ஷெரிஃபும்தான். உள்ளூர்ப் பெரிய மனுஷனும் போலீசும் கைகோப்பது திருநெல்வேலியில் மட்டும் நடப்பதில்லை. ஆனால் அந்த இரண்டு நர்ஸுகளுக்குப் பின்னால் அவர்களுடைய நர்ஸ் சங்கம் நின்றது. அதைத்தான் நாம் கவனிக்கவேண்டும்.

ஆகவே நாம் முன்வைப்பவை இவை.

மருந்து உத்தரவு எழுத்தில் இருக்கவேண்டும். அவசரத்தில் போனில் சொன்னால் நேரம் குறித்து, திருப்பிப் படித்துக் காட்டி, டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்கவேண்டும். ஆபத்து என்று தெரிந்த உத்தரவைக் காரணம் எழுதி மறுக்கும் உரிமை நர்ஸுக்கு வேண்டும். அதற்காக அவளை நீக்கினால் அது தண்டனைக்குரியதாக இருக்கவேண்டும். பதிவு பெற்ற நர்ஸுகளின் பெயரும் பதிவெண்ணும் வரவேற்பறையில் எழுதிப்போடப்பட வேண்டும். பதிவில்லாத பிள்ளைகளைத் துரத்துவது தீர்வில்லை. வேலை பார்த்துக்கொண்டே அங்கீகாரமுள்ள படிப்பை முடிக்க அவர்களுக்கு வழியும் செலவும் தரவேண்டும், அதுவரை அவர்கள் கையில் ஊசியைக் கொடுக்கக்கூடாது. சான்றிதழைப் பிடித்து வைப்பதும் பத்திரம் எழுதி வாங்குவதும் கொத்தடிமை முறையின் மறுபெயர் என்று அறிவித்து ஒழிக்கவேண்டும். இருபதாயிரம் ரூபாய்ப் பரிந்துரை தமிழ்நாட்டில் அரசாணையாக வேண்டும். ஆயாவும் துப்புரவுத் தொழிலாளியும் இதே சங்கத்தில், சமமான உறுப்பினராக இருக்கவேண்டும்.

நம் இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் சாவு விழுந்தால் முதலில் கேட்கவேண்டியது கேஸ் ஷீட்டின் நகல். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002ஆம் வருஷத்து மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. சந்தேகம் இருந்தால் பிணத்தை வாங்கும் முன்னால் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். தொகை பேச உட்காராதீர்கள். அந்த ராத்திரி டூட்டியில் இருந்த பிள்ளை யார், அவளுக்கு என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். அவளிடம் மிரட்டாமல், மரியாதையாக, "அக்கா, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்று பேசுங்கள். சொன்னபடி இருங்கள். நர்ஸிங் படிக்கும் மாணவிகளின் விடுதிகளுக்கு நம் இதழும் நம் ஆட்களும் இதுவரை போனதைவிட அதிகமாகப் போகவேண்டும். நாளைக்கு ராத்திரி ஒரு நோயாளியின் தலைமாட்டில் தனியாக நிற்கப்போவது அவர்கள்தான்.

சேரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் சனத்துக்குப் பெரிய டாக்டரின் முகம் ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் அந்த நர்ஸின் கையில்தான் உயிர். அவள் வாயைக் கட்டிப்போட்ட ஆஸ்பத்திரியில் நம் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. அவளுக்காகப் பேசுவதை யாருக்கோ செய்கிற உதவி என்று நினைத்துவிடாதீர்கள்.